தோட்டத்துத் தண்ணியும் அடுப்பும்: காலேஜ் பிள்ளைங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

லீவு வந்தா தோட்டத்துக்குப் போயி நல்ல தண்ணி, நல்ல சாப்பாடுக்கு ஏதாச்சும் செய்யணும்னு வருஷா வருஷம் காலேஜ் பிள்ளைங்க கெளம்புறாங்க. நல்ல காரியம்தான், ஆனா மலேசியாவுல பேராக் மாநிலத்துல எங்க சுங்கை சிப்புட்ட சுத்தி இருக்கிற ரப்பர், செம்பனைத் தோட்டங்கள்ல ஒரு ரவுண்டு வந்து பாருங்க, பேனர் கட்டின கம்பி நிக்கும், ஃபில்டர் பச்சை புடிச்சி கெடக்கும், காய்கறி பாத்தியில லாலாங் புல்லு மண்டியிருக்கும். பிள்ளைங்களுக்கு அக்கறை இல்லன்னு சொல்ல வரல, செமஸ்டர் முடிஞ்சதும் அத பாத்துக்க ஆள் இல்ல, அவ்ளோதான். அதனால நான் சொல்றது எல்லாமே ஒரே கணக்குதான், நீங்க வேன் ஏறின மறுநாளும் ஓடுற வேலைய மட்டும் கையில எடுங்க. சுங்கை சிப்புட் ஹார்ட்வேர் கடையில கெடைக்காத பார்ட்ஸ் எதையும் மாட்டாதீங்க.

1. மொதல்ல கடுதாசி வேலை

உப்சி, யூடார், உங்கு உமார் பாலிடெக்னிக், எங்க படிச்சாலும் எச்.இ.பி ஆபிஸ்ல, அதான் மாணவர் விவகாரப் பிரிவுல, கெர்தாஸ் கெர்ஜா (திட்ட அறிக்கை) போடணும், இன்சூரன்ஸ் கேப்பாங்க, லெக்சரர் கையெழுத்து கேப்பாங்க, எரிச்சலாத்தான் இருக்கும். இந்தக் கெடுபிடிக்குப் பின்னால ஒரு கதை இருக்கு, ஏழைங்க சோத்துப் பிரச்சனையில மாணவர்ங்க தலையிட்ட கதை நம்ம நாட்டுல பெரிய கதை. 1974 கடைசியில கெடா மாநிலத்து பாலிங்ல ரப்பர் விலை விழுந்து சாமான் விலை ஏறி சின்னத் தோட்டக்காரங்க ரோட்டுக்கு வந்தாங்க, அவங்களுக்காக டிசம்பர் 3 அன்னிக்கு கோலாலம்பூர் பாடாங் திடல்ல கூடின மாணவர்ங்கள்ல ஆயிரம் பேருக்கு மேல புடிச்சிட்டுப் போனாங்க, அடுத்த வருஷமே பல்கலைக்கழக சட்டத்த இறுக்கிட்டாங்க. இப்ப காலம் மாறிடுச்சி, இருந்தாலும் கடுதாசி இல்லாம போகாதீங்க.

எச்.இ.பி கடுதாசி மட்டும் பத்தாது, தோட்ட மேனேஜர் கடுதாசியும் வேணும். லயத்து வீடு (தொழிலாளிங்களோட வரிசை வீடு), தண்ணி டேங்க், செடி போடப் போற நெலம் எல்லாமே கம்பெனி சொத்து. வாய் வார்த்தையா "போட்டுக்கோங்க"ன்னு சொன்ன மேனேஜர் மாத்தலாயி போயிட்டாருன்னா புது ஆளு வந்து எல்லாத்தையும் வழிச்சிப் போட்டுடுவாரு. ரெண்டு வரி போதும், ஆனா கையெழுத்தோட வாங்கிக்கோங்க.

இதுல ஒரு விஷயம் நெறைய பேருக்குத் தெரியாது. 1990-ல வந்த 446-ஆம் சட்டம்னு ஒண்ணு இருக்கு, தொழிலாளிக்கு வீடு கொடுத்தா முதலாளிதான் பைப்புத் தண்ணியும் எலவசமா, போதுமான அளவுக்குக் கொடுக்கணும், அத பாத்துக்க வேண்டியது தொழிலாளர் இலாகா. அப்ப அந்தத் தோட்டத்துல வேலை செய்யிற குடும்பத்துக்கு நீங்க ஊர்ல வசூல் பண்ணி ஃபில்டர் மாட்டுறீங்கன்னா கம்பெனி பில்ல நீங்க கட்டுறீங்கன்னு அர்த்தம். ஆனா லயத்துல இருக்கிற எல்லாரும் இப்ப தோட்ட வேலைக்காரங்க இல்ல. ரிட்டயர் ஆன பாட்டி தாத்தா, ஃபேக்டரிக்குப் போற பிள்ளைங்க, பங்களாதேஷ் இந்தோனேசியாவுலேருந்து வந்தவங்க, எல்லாம் கலந்துதான் இருப்பாங்க. யாரு எந்தக் கணக்குல இருக்காங்கன்னு தெரிஞ்சிக்காம புகார்னு கெளம்பிடாதீங்க, நீங்க போயிடுவீங்க, வீட்ட காலி பண்ணச் சொன்னா அலையப் போறது அவங்க. புகார் பண்ணணுமா வேணாமான்னு அவங்களே முடிவு பண்ணட்டும், நீங்க ஃபாரம் எழுத ஒதவி பண்ணுங்க.

2. மொத தடவ கையில ஒண்ணும் கொண்டு போகாதீங்க

மொத தடவ போறப்பவே அரிசி மூட்டையோட போனீங்கன்னா அதுக்கப்புறம் நீங்க அரிசி கொடுக்கிற ஆளு, தண்ணியப் பத்தி யாரும் பேச மாட்டாங்க. சும்மா போங்க, கோயில் பக்கத்துல உக்காருங்க, கடையில ஒரு தே தாரிக் குடிங்க. "தம்பி யாரு வீட்டுப் புள்ள?"ன்னு கேப்பாங்க, அதுக்கு நேரா பதில் சொல்லுங்க, எந்த ஊரு, அப்பா அம்மா என்ன பண்றாங்க, எல்லாம். யூனிவர்சிட்டி பேர அப்புறம் சொல்லிக்கலாம்.

மண்டோர் (வேலைய மேற்பார்வை பாக்கிறவரு), கிராணி (ஆபிஸ் குமாஸ்தா), ஆயாக் கொட்டகையில பிள்ளைங்கள பாத்துக்கிற ஆயா, கடைக்காரர், தமிழ்ப்பள்ளி டீச்சர், கோயில் தலைவர், இவங்கள தனித்தனியா பாருங்க. கூட்டம் போட்டா ஆம்பளைங்கதான் பேசுவாங்க, தண்ணி புடிக்கிறது பொம்பளைங்க. அதனால டீம்ல பொண்ணுங்க கட்டாயம் இருக்கணும், சாயங்காலம் கொழாயடியில நின்னு பேசுற பேச்சுதான் உண்மையான சர்வே. எத்தன மணிக்கு தண்ணி நிக்குது, எந்த வீட்டுக்கு கடைசியா வருது, யாரு வீட்டுல கொழந்தைக்கு வயித்தால போகுது, எல்லாம் அங்கதான் கெடைக்கும்.

3. கொழாயிலேருந்து பின்னால நடங்க

தண்ணி சரியில்லன்னு சொன்ன ஒடனே ஃபில்டர் கடைக்கு ஓடாதீங்க. கொழாயிலேருந்து பைப்ப புடிச்சிக்கிட்டு பின்னாலயே நடங்க, மூலம் வரைக்கும். பேராக்ல சில தோட்டத்துல லெம்பாகா ஆயர் (தண்ணி வாரியம்) மீட்டர் வீட்டுக்கு வீடு இருக்கும், சில எடத்துல தோட்ட வாசல்ல ஒரே பெரிய மீட்டர், அங்கேருந்து தோட்டத்து டேங்க், தோட்டத்துப் பழைய பைப்பு. சில எடத்துல கொளம், ஆறு, கெணறு. மேல லாசா, கோலா மூ பக்கம் ஒராங் அஸ்லி (பழங்குடி மக்கள்) கம்பங்கள்ல மலை ஊத்துத் தண்ணிய பைப்புல எறக்குவாங்க, அது வேற வேலை, மழைக்கு அடைச்சிக்கும், அங்க போறதா இருந்தா அந்த ஊர் ஆளுங்கள முன்னால வெச்சிக்கிட்டுப் போங்க.

பெரிய மீட்டர் வரைக்கும் தண்ணி பெரும்பாலும் நல்லாவே இருக்கும், கெடுறது அதுக்கப்புறம்தான். டேங்க் மூடி காத்துல பறந்து போயிருக்கும், உள்ள எலை, பல்லி, அடியில சேறு. பிரஷர் கொறச்சலா இருக்கிறதால ராத்திரி ரப்பர் ஹோஸ போட்டு தோங்குல (பிளாஸ்டிக் டிரம்) ரொப்பி வெச்சிக்குவாங்க, ஹோஸ் முனை தரையில கெடக்கும்.

அந்தத் தோங்க நல்லா பாருங்க. பாத்ரூம் மூலையில நீலக் கலர்ல நிக்கும், டார்ச் அடிச்சி உள்ள பாருங்க, செவுத்துல வெரல வெச்சி இழுத்தா வழவழன்னு வரும், அந்தப் பாசியிலதான் கிருமி குடியிருக்கு. அப்புறம் வெளிப்பக்கம் பாருங்க, லேபல் சொரண்டி எடுத்த தடம் இருக்கா? இருந்தா அது களைக்கொல்லி வந்த தோங்கா இருக்கலாம். பாரகுவாட்ங்கிற களைக்கொல்லிய 2020 ஜனவரி 1-லேருந்து நம்ம நாட்டுல தடை பண்ணிட்டாங்க, ஆனா பிளாஸ்டிக் தோங்குக்கு ஆயுசு கெட்டி, மத்த மருந்தும் இன்னும் வருது. எத்தன தடவ கழுவினாலும் மருந்துத் தோங்குல குடிக்கிற தண்ணி, சமையல் தண்ணி கூடாது, கொதிக்க வெச்சாலும் அந்த விஷம் போகாது. "இது நல்ல தோங்கு தம்பி, இருவது வருஷமா வெச்சிருக்கேன்"னு பாட்டி சொல்லுவாங்க, அவங்ககிட்ட வாக்குவாதம் பண்ணாதீங்க, புதுசு ஒண்ணு கொடுத்து பழசுக்கு மாத்திக்கோங்க, வாங்கின பழசுக்கு அடியில பெரிய ஓட்டையா போட்டுடுங்க, இல்லன்னா அடுத்த வாரமே வேற வீட்டுல நிக்கும். வசூல் பண்ண காசுல மொத செலவு இதுக்குத்தான் போகணும்னு நான் சொல்லுவேன், ஃபில்டரெல்லாம் அப்புறம்.

4. டெஸ்ட் பண்றது

கண்ணுக்குத் தெளிவா இருந்தா நல்ல தண்ணின்னு அர்த்தம் இல்ல. ரெண்டு கட்டமா பண்ணுங்க.

மொதல்ல நீங்களே பண்ற டெஸ்ட்: குளோரின் ஸ்ட்ரிப், பிஎச் ஸ்ட்ரிப், அப்புறம் ஹைட்ரஜன் சல்ஃபைடு பாட்டில். இந்தப் பாட்டில்ல தண்ணி ஊத்தி நம்ம ஊர் சூட்டுல 24-லேருந்து 48 மணி நேரம் வெச்சா, மலக்கிருமி இருந்தா கருப்பா மாறும். கருப்பான பாட்டில அந்த வீட்டு அக்கா கையிலயே கொடுத்து காட்டுங்க, ஒரு மணி நேரம் ஸ்லைட் போட்டு வெளக்குறது இதுக்கு ஈடாகாது. மூலம், டேங்க், கொழாய், தோங்கு, குடிக்கிற ஜக்கு, அஞ்சு எடத்துலயும் எடுங்க. எங்க கருப்பாகுதோ அங்கதான் வேலை. கொழாயில சுத்தம், ஜக்குல கருப்புன்னு வந்தா பைப்ப மாத்தி ஒரு புண்ணியமும் இல்ல.

ரெண்டாவது, முறையான லேப் டெஸ்ட். சுங்கை சிப்புட் கோலகங்சார் மாவட்டத்துல வருது, மாவட்ட சுகாதார ஆபிஸ்ல போய் பேசுங்க, குடிநீர் தரத்த கண்காணிக்கிறது அவங்க வேலைதான், கிராமத்துத் தண்ணிக்கும் கக்கூஸுக்கும் பாகாஸ்னு ஒரு திட்டமே சுகாதார அமைச்சுல இருக்கு. ரிசல்ட் வந்தா பாக்க வேண்டியது: 100 மில்லியில ஈ.கோலை சுத்தமா இருக்கக் கூடாது, கலங்கல் 5 என்டியூக்கு மேல போகக் கூடாது, இரும்பு லிட்டருக்கு 0.3 மில்லிகிராமுக்குள்ள, மிச்சக் குளோரின் லிட்டருக்கு கொறஞ்சது 0.2 மில்லிகிராம். கெணத்துத் தண்ணின்னா நைட்ரேட்டும் கட்டாயம் பாக்கச் சொல்லுங்க, செம்பனைக்கு ஒரம் போடுற மண்ணுல அது எறங்கும். ஆறு மாசத்துக்குக் கீழ உள்ள கொழந்தைக்கு நைட்ரேட் தண்ணியில பால் கலக்கினா ரத்தத்துல ஆக்சிஜன் ஏறாம ஒடம்பு நீலம் பாரிக்கும், கொதிக்க வெச்சா தண்ணி வத்தி நைட்ரேட் இன்னும் கூடத்தான் செய்யும். அந்த மாதிரி வீட்டுக்கு வேற தண்ணிதான் வழி.

5. சுத்தம் பண்றது: குடிக்கிற தண்ணிய மட்டும் பாருங்க

குளிக்கிற தண்ணி, துணி தொவைக்கிற தண்ணி எல்லாத்தையும் சுத்தம் பண்ணக் கெளம்பினா ஒண்ணும் முடியாது. குடிக்க ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு மூணு லிட்டர்னு வெச்சா அஞ்சு பேர் குடும்பத்துக்கு 15 லிட்டர். மூடி போட்ட, அடியில கொழா வெச்ச 20 லிட்டர் வாளி ஒண்ணு, வீட்டுக்கு ஒண்ணு, அதுல கையும் போகக் கூடாது, தண்ணி மோக்குற காயோங்கும் போகக் கூடாது. இது ஒண்ண ஒழுங்கா பண்ணினாலே பாதி வயித்தால போறது நிக்கும்னு எனக்கு நம்பிக்கை.

கலங்கலா இருந்தா மொதல்ல தெளிய விடுங்க, ராத்திரி பூரா அசைக்காம வெச்சி மேல் தண்ணிய துணியில வடிகட்டுங்க. படிகாரம் போடலாம், நம்ம ஆளுங்களுக்குத் தெரிஞ்ச முருங்கை விதையும் வேலை செய்யும், காஞ்ச விதைய இடிச்சி கலக்கி விட்டா அழுக்கத் தெரட்டி அடியில எறக்கும், ஆனா கிருமி மிச்சம் இருக்கும், அதனால அடுத்த ஸ்டெப்ப விடாதீங்க.

கொதிக்க வெக்கிறதுதான் சுலபம். தளதளன்னு கொதிச்சப்புறம் ஒரு நிமிஷம் போதும், பத்து நிமிஷம் கொதிக்க விட்டு கேஸ கரைக்க வேணாம். கேஸ் தோங்கு மாசக் கடைசியில தீந்து போற வீட்டுக்குக் குளோரின் சொல்லிக் கொடுங்க: வாசனை இல்லாத சாதா குளோராக்ஸ் (பிளீச்), பாட்டில்ல 5-லேருந்து 6 சதவீதம் சோடியம் ஹைப்போகுளோரைட்னு போட்டிருக்கணும், தெளிஞ்ச தண்ணி லிட்டருக்கு ரெண்டு சொட்டு. 20 லிட்டர் வாளிக்கு 40 சொட்டு, அதாவது ரெண்டு மில்லி, பார்மசியில ஊசி இல்லாத சிரிஞ்ச் வாங்கி ரெண்டுல மார்க்கர்ல கோடு போட்டுக் கொடுத்துடுங்க, பாட்டிக்குக் கண்ணாடி தேவைப்படாது. கலக்கி 30 நிமிஷம் வெக்கணும், லேசா வாடை வரணும். லெமன் வாசனை, பூ வாசனை, சோப்பு கலந்தது எதுவும் கூடாது, இத ரெண்டு தடவ சொல்லுங்க, ஏன்னா கடையில ஆஃபர்ல இருக்கிறது அதுதான். பாட்டில் ரொம்ப நாள் ஆனா வீரியம் போயிடும், சின்ன பாட்டிலா வாங்கச் சொல்லுங்க.

இது ரெண்டுமே கிருமிக்குத்தான், மருந்துக்கோ இரும்புக்கோ இல்ல. கெணத்துத் தண்ணி செவப்பா வந்து வெள்ளைத் துணி பழுக்குதுன்னா இரும்பு, தண்ணிய ஒசரத்துலேருந்து சல்லடை மாதிரி ஓட்ட போட்ட தட்டுல விழ வெச்சா காத்து பட்டு துரு தெரளும், அப்புறம் மணல்ல வடிச்சிடலாம்.

மழைத் தண்ணிய விடாதீங்க. 40 சதுர மீட்டர் ஜிங்க் கூரையில 10 மில்லிமீட்டர் மழை பேஞ்சா 400 லிட்டர், நம்ம ஊர்ல ஒரு சாயங்கால மழை அதுக்கு மேலயே பேயும். மொத 20 லிட்டர கொட்டிடணும், பறவை எச்சம், தூசி எல்லாம் அதுல. பழைய லயத்துல அஸ்பெஸ்டாஸ் கூரை இருக்கும், அந்தத் தண்ணி செடிக்கு மட்டும். அப்புறம் தண்ணி தேக்கினா டிங்கி வரும்னு மறந்துடாதீங்க, ஏடிஸ் முட்டை கொசுவாக ஒரு வாரம் போதும், குளிக்கிற தோங்குக்கு மூடி இல்லன்னா அபேட் மணல் மருந்து 10 லிட்டருக்கு ஒரு கிராம். தண்ணிப் பிரச்சனைய தீர்க்க வந்து டிங்கிய கொண்டு வந்த பேர் நமக்கு வேணாம்லா.

6. சாப்பாடு: எந்த வாரம்னு கேளுங்க

எல்லாரும் தீபாவளிக்கு அரிசி கொடுப்பாங்க. தீபாவளி அன்னிக்கு தோட்டத்துல யாரும் பட்டினி இல்ல. பசி வர்றது சம்பளத்துக்கு முந்தின வாரம்.

கடைக்காரர்கிட்ட 555 புக்கு இருக்கும், கடன் கணக்கு. யாரு எவ்ளோ கடன்னு கேக்காதீங்க, அது அசிங்கம், "அங்கிள், மாசத்துல எந்த வாரம் கடன் ஜாஸ்தியாவும்? எந்த சாமான மொதல்ல நிறுத்துவாங்க?"ன்னு மட்டும் கேளுங்க. பொதுவா முட்டை, மீன், பருப்பு நிக்கும், அரிசியும் சார்டினும் கடைசி வரைக்கும் இருக்கும், கடைசியில மெகி நூடுல்ஸ்தான். ஒங்க உதவி எந்தத் தேதியில எந்த சாமான்னு அவர் பதில வெச்சி முடிவு பண்ணுங்க. வீட்டுல கேள்வி கேக்கணும்னா ஐ.நா. உணவு விவசாய நிறுவனத்தோட எட்டு கேள்வி இருக்கு, காசு இல்லாம வேளை தவறினீங்களான்னு போகும், ஆனா பிள்ளைங்க முன்னால எந்தத் தாயும் ஆமான்னு சொல்ல மாட்டாங்க, தனியா கேளுங்க.

ஈப்போ ஹைப்பர் மார்க்கெட்ல மொத்தமா வாங்கி லோரியில கொண்டு வந்து எறக்குறத விட, அதே தோட்டத்துக் கடையில டோக்கன் போட்டுக் கொடுங்கன்னு சொல்லுவேன். கொஞ்சம் வெல கூடத்தான், இருந்தாலும் அந்தக் கடைதான் அடுத்த மாசமும் கடன் கொடுக்கப் போவுது, 2023 செப்டம்பர்ல உள்ளூர் அரிசி கெடைக்காம போன சமயத்துல கடைக்காரருக்குத் தெரிஞ்சவங்களுக்குத்தான் ரெண்டு பாக்கெட் எடுத்து வெச்சிருப்பாரு. சாமான் லிஸ்ட்ல சீனி, டின் பால், மெகி வேணாம். 2019 தேசிய சுகாதார ஆய்வுல பெரியவங்கள்ல 18.3 சதவீதம் பேருக்கு இனிப்பு நீர், நம்ம இனத்துல அதவிட ரொம்ப ஜாஸ்தி. அதே ஆய்வுல அஞ்சு வயசுக்குள்ள 21.8 சதவீதம் பிள்ளைங்க வயசுக்கேத்த ஒசரம் இல்ல, அதனால முட்டை, பருப்பு, நெத்திலி, எண்ணெய். வாங்குறவங்க மூஞ்ச ஃபோட்டோ எடுக்காதீங்க, ஸ்பான்சருக்கு ரிசீட்டும் டோக்கன் அடிக்கட்டையும் காட்டினா போதும்.

அரசாங்க உதவி விட்டுப்போன வீடு நெறைய இருக்கும். எஸ்டிஆர் பண உதவி, சாரா சாமான் உதவி, ஏழைக் குடும்பங்களுக்கான இகாசே பதிவு, பள்ளிக்கூடத்துல ஆர்எம்டி இலவசச் சாப்பாடு, இதெல்லாம் ஃபோன்லயும் மலாய் ஃபாரத்துலயும் இருக்கிறதால பாட்டிங்க தொட மாட்டாங்க. ஒரு லேப்டாப்போட கோயில் மண்டபத்துல ஒரு நாள் உக்காருங்க. ஐசி (அடையாள அட்டை) பேரும் பேங்க் புக் பேரும் ஒரு எழுத்து மாறியிருந்தா அங்கயே மாட்டிக்கும், அதுக்கே பாதி நாள் போயிடும்.

7. காய்கறி பாத்தி

எல்லாரும் ஆசைப்படுறது இதுக்குத்தான், சாவறதும் இதுதான் ஜாஸ்தி. நெலத்துக்கு மொதல்ல மண்டோர்கிட்ட மருந்தடிக்கிற நாள் கேளுங்க, காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாருங்க, செம்பனை ஓரத்துல பாத்தி போட்டா களைக்கொல்லி சாரல் கீரையில விழும். எடம் லயத்துக்குப் பக்கத்துல, தண்ணி கைக்கெட்டுற தூரத்துல, யாராவது ஒருத்தர் கண்ணுல படுற மாதிரி இருக்கணும், பன்னியும் கொரங்கும் வேலிய மதிக்காது.

மண்ணு புளிப்பு ஜாஸ்தி, பிஎச் பாத்து டோலமைட் சுண்ணாம்பு போட்டு ரெண்டு வாரம் கழிச்சி நடுங்க. கோழி எருவ பச்சையா போடாதீங்க, மக்க வெச்சிப் போடுங்க. ஒங்க லீவு முடியறதுக்குள்ள ஒரு அறுப்பாவது நடக்கணும், அதனால மொதல்ல கங்கோங் கீரை, தண்டுக்கீரை, ஒரு மாசத்துல வந்துடும், அத பாத்துதான் மத்தவங்க மனசு வைப்பாங்க. கூடவே வெண்டை, கத்திரி, நெடுங்காலத்துக்கு முருங்கை, கறிவேப்பிலை, மரவள்ளி. லோங்காங் (சாக்கடை) தண்ணியில கங்கோங் வளக்க வேணாம், சும்மா வளருது பாருன்னு சந்தோஷமா இருக்கும், பாத்ரூம் தண்ணி அதுலதான் வருது. பொதுப் பாத்தின்னா யாருக்கும் சொந்தம் இல்லாம போவும், அதனால வீட்டுக்கு வீடு ரெண்டு ஒரச் சாக்குல பிரிச்சிக் கொடுங்க. வேலைக்குப் போகும்போது எல்லாரும் சப்பாத்து (பூட்ஸ்) போடுங்க, எலி மூத்திரக் காச்சல் செம்பனைக் காட்டுல வெளையாட்டு இல்ல.

8. ஒப்படைக்கிறது

இத கடைசி நாள்ல செய்யாதீங்க, பாதியிலயே ஆரம்பிங்க. டேங்குக்கு ஒருத்தர், கடை டோக்கனுக்கு ஒருத்தர், பேர் போட்டு. ஒருத்தர் வீட்டுல இருக்கிற அக்காவா இருக்கட்டும், இன்னொருத்தர் ஃபாரம் ஃபோர் படிக்கிற பையனோ பொண்ணோ, வாட்சாப் அவங்க கையிலதான இருக்கு. குளோரின் டெஸ்ட நீங்க பண்ணிக் காட்டாதீங்க, அவங்க பண்ணட்டும், நீங்க பக்கத்துல நில்லுங்க. டேங்க் கழுவறத பொங்கலுக்கும் ஆடிக்கும்னு வெச்சிடுங்க, ஆறு மாசக் கணக்கு தானா சரியா வரும். டேங்க் பக்கத்துல ஆணியில ஒரு நோட்டு, பிளாஸ்டிக் பையில போட்டு, கழுவின தேதி, ஸ்ட்ரிப் ரிசல்ட், சுகாதார ஆபிஸ் நம்பர், மேனேஜர் கடுதாசி காப்பி.

அடுத்த பேட்ச் ஜூனியர்ஸ நீங்க இருக்கும்போதே ஒரு தடவ கூட்டிட்டு வாங்க, பாட்டிங்க மூஞ்சி பாத்துக்கணும். மிச்சக் காச கையில கொடுக்காதீங்க, அது தேவையில்லாத சண்டைய இழுக்கும், ஹார்ட்வேர் கடை தவுக்கேகிட்ட (மொதலாளி) டெப்பாசிட்டா கட்டி, வாளிக் கொழா, டேங்க் மூடி, டெஃப்லான் டேப் இதுக்கு மட்டும்னு ரிசீட்ல எழுதி வாங்கி, ஒரு காப்பி டேங்க் நோட்டுல, ஒரு காப்பி எச்.இ.பி ரிப்போர்ட்டுல.